வகுளமும் பனிமெத்தையும்

தென்பெண்ணையாற்றின் நடுவே, திருக்கோவலூரை அடுத்து, ஒரு தனிப்பாறை நிற்கின்றது. பாரி மகளிரை மலையமான் மரபினரிடம் ஒப்புவித்த பின்னர்க் கபிலர் உயிர்நீத்த இடம் அதுவே என்பது அவ்வூர் மரபு. திருக்கோவலூர் வீரட்டானத்திலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் கபிலர் தீப்புகுந்த செய்தியைப் பாட்டாகவே பொறித்து வைத்துள்ளது. 2019ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, அப்பாறையும் அவ்வூரும் இம்மாவட்டத்தின் எல்லைக்குள் வந்தன. மேற்கே நிற்கும் கல்வராயன் மலைக்கும் கபிலர் பாறைக்கும் இன்று ஒரே மாவட்டப் பெயர்.

தொண்ணூற்றொன்பது பூக்களை ஒரே பாட்டில் நிரலாக அடுக்கிய புலவர் கபிலர். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் இயல்பை அறிவிக்கக் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பர். வேற்று மொழியாளன் ஒருவனுக்குத் தமிழைக் கற்பிக்கப் புகுந்தவர் பூக்களின் பெயர்களைச் சொல்லிக் கற்பித்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அந்நிரலில் வகுளமும் ஒன்று. இன்று நாம் மகிழம்பூ என்று வழங்குவது அதுவே. அதற்கும் வடதுருவத்துப் பனிவெளியில் வளரும் ஒரு குறுஞ்செடிக்கும் உறவு உண்டு என்று தாவரவியலார் கூறுகின்றனர். அச்செடியின் வரலாற்றைத் தேடிச் செல்பவர் லாப்லாந்திலும் ஐசுலாந்திலும் அலைந்து, இறுதியில் தரங்கம்பாடி வழியாகத் தமிழ் வீட்டு அடுக்களைக்கே வந்து சேர்வார்.

மெத்தை போலும் ஒரு செடி

டயாபென்சியா என்பது அச்செடியினத்தின் பெயர். அதில் அடங்கிய வகைகள் மிகச் சில. ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவற்றுள் டயாபென்சியா லாப்போனிகா வடதுருவத்தைச் சுற்றிலும் பரவியுள்ளது. ஸ்காண்டிநேவியா, ஐசுலாந்து, கிரீன்லாந்து, வடகனடா, அலாஸ்கா, ஜப்பானிய மலைமுகடுகள் ஆகிய இடங்களில் அது காணப்படுகின்றது. பிற வகைகள் இமயத்தின் கீழ்ப்பகுதியிலும், அதனை அடுத்த திபெத், வடபர்மா, யுன்னான் மலைகளிலும் வளர்கின்றன.

இது புல்லும் அன்று, பூண்டும் அன்று. தண்டு மரத்தன்மை பெற்ற முழுமையான புதர். ஆயினும் அதன் உயரம் பெரும்பாலும் நான்கைந்து விரற்கிடையைத் தாண்டுவதில்லை. கிளைகள் நெருங்கி, ஒன்றோடொன்று இறுகி, மேற்பரப்பு முழுவதும் ஒரே சீராக வளைந்து, பாறைமேல் வைத்த திண்டு போலத் தோன்றும். இலைகள் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளமுடையவை. தோல் போன்று தடித்தவை. ஆண்டு முழுவதும் உதிராதவை. குளிர்காலத்தில் செந்நிறம் கொள்பவை. கோடையின் தொடக்கத்தில் அத்திண்டின்மேல் ஐந்து மடல் கொண்ட வெண்பூக்கள், குறுங்காம்பில் ஒன்றொன்றாக நிமிரும். இமயத்து வகையின் பூ இளஞ்சிவப்பு நிறத்தது.

இவ்வடிவத்தின் காரணத்தை ஆராய்ந்தால், அதன் ஒவ்வொரு கூறும் குளிரோடும் காற்றோடும் நடத்திய நெடும்போரின் விளைவு என்பது விளங்கும். பனி மூடிய நிலத்தில் வாழும் செடிக்குப் பனியே போர்வை. அதன் கீழே குளிர் மட்டுப்படும். டயாபென்சியாவோ பனியும் தங்காத மேட்டு விளிம்புகளைத் தேர்ந்துகொள்கிறது. அங்கே வீசும் காற்று பனியை வாரிக்கொண்டு போய்விடுவதால், நடுங்கும் குளிரையும் உலர்த்தும் காற்றையும் அது நேர்நின்று தாங்க வேண்டும். உயர்ந்து நிற்கும் கிளை எதுவாயினும் அங்கே கருகும். தாழ்ந்து இறுகிய திண்டின்மேல் காற்றின் வேகம் குறைகிறது. வெயில் தரும் சிறுவெப்பம் உள்ளே தேங்குகிறது. கதிரொளி விழும் நாளில் திண்டின் வெப்பம் சுற்றுப்புறத்தைவிட மிகுதியாக இருக்கும். உதிரவேண்டிய பழைய இலைகள் வெளியே பறக்காமல் திண்டுக்குள்ளேயே மக்கி உரமாகின்றன. நீரையும் தேக்கி வைக்கின்றன. மண்ணில்லாப் பாறையில் அச்செடி தன் மண்ணைத் தானே ஆக்கிக்கொள்கிறது எனலாம்.

அங்குக் கோடை சில வாரங்களே நீடிக்கும். அதற்குள் அரும்பி, மலர்ந்து, விதை முற்ற வேண்டும். ஆகையால் அடுத்த ஆண்டுக்குரிய அரும்பை முந்தைய கோடையிலேயே உருவாக்கி வைத்துக்கொள்கிறது. வளர்ச்சியோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். ஓர் உள்ளங்கை அளவுள்ள திண்டு பல பத்தாண்டுகள் கண்டதாக இருக்கக்கூடும். நூறாண்டு கடந்தவையும் உண்டு. ஒருவர் தம் காலால் மிதித்து நொடியில் சிதைக்கக்கூடிய அவ்வுயிர், அவருடைய பாட்டனாரினும் மூத்ததாக இருக்கலாம்.

பெயரிட்ட வரலாறு

1732ஆம் ஆண்டு மே மாதத்தில் உப்சாலா நகரிலிருந்து ஓர் இளைஞர் குதிரையேறி வடக்கு நோக்கிப் புறப்பட்டார். அவருக்கு அப்போது வயது இருபத்தைந்து. பின்னாளில் உயிர்களுக்கெல்லாம் இருசொற்பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் அவரே. லாப்லாந்தின் சதுப்புகளையும் மலைகளையும் கடந்து, சாமி மக்களின் உணவு, மருந்து, கலைமான் வளர்ப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அவர் திரும்பினார். அப்பயணத்தின் பயனாக லாப்லாந்துத் தாவர நூல் 1737இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. 1753இல் வெளியிட்ட தாவர வகைகள் என்னும் பெருநூலில் டயாபென்சியா லாப்போனிகா என்ற பெயர் நிலைபெற்றது.

டயாபென்சியா என்ற சொல் அவர் புதிதாகப் படைத்தது அன்று. பழைய மூலிகை ஏடுகளில் வேறொரு செடிக்கு வழங்கி, பின் வழக்கிழந்து கிடந்த பெயரை எடுத்துப் புதுச்செடிக்குச் சூட்டினார். உரிமையாளர் இல்லாத வீட்டில் புதியவரைக் குடிவைத்தது போன்ற செயல் இது. சங்கப் பூப்பெயர்கள் பல, பிற்கால நிகண்டுகளிலும் மருத்துவ நூல்களிலும் இடம்மாறி வேறு செடிகளைச் சுட்டி நிற்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

இமயத்து வகை அறிவுலகுக்கு அறிமுகமாக மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஜோசப் டால்டன் ஹூக்கர் 1848 முதல் 1850 வரை சிக்கிம் மலைகளில் அலைந்து செடிகளைத் திரட்டினார். இடையே 1849இல் சிக்கிம் அதிகாரிகளின் சிறையிலும் இருந்தார். அவரும் தாமஸ் தாம்சனும் இணைந்து 1857இல் டயாபென்சியா ஹிமாலைகா என்று அவ்வகைக்குப் பெயரிட்டனர். லாப்லாந்துக்குரியது என்று கருதப்பட்ட இனம், கங்கையின் தென்சமவெளியைப் பார்த்து நிற்கும் முகடுகளிலும் பத்தாயிரம் அடிக்கு மேல் திண்டு விரித்திருந்தது. பனியூழிக் காலங்களில் குளிர் தெற்கே பரவியதும், பின்னர் அது பின்வாங்கியபோது குளிர்விரும்பிகள் மலையுச்சிகளில் ஒதுங்கியதும் இத்தகைய பரவலுக்குக் காரணமாகக் காட்டப்படுகின்றன. நன்கு ஆராயப்பட்ட நாடாகிய பிரிட்டனில்கூட இச்செடி 1951 வரை எவர் கண்ணிலும் படவில்லை. அவ்வாண்டில்தான் ஸ்காட்லாந்தின் கிளென்ஃபின்னன் அருகே ஒரு மலைமுகட்டில், பறவை பார்க்கச் சென்ற ஒருவர் அதனைக் கண்டெடுத்தார்.

கல்வராயனில் இல்லாமை

கல்வராயன் மலை பெரும்பாலும் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடி வரை உயர்ந்தது. பெரிய கல்வராயன் பகுதி ஏறத்தாழ நாலாயிரம் அடியை எட்டும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்பது பொதுக்கணக்கு. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறுபவர் அவ்வளவு குளிர்ச்சியையே பெறுகின்றார். தமிழகத்தின் மிக உயர்ந்த நீலகிரிச் சிகரமாகிய தொட்டபெட்டா 2637 மீட்டர். அங்கேயும் உறைபனி புல்லைக் கருக்குமேயன்றி, வெண்பனி படிந்து கிடப்பதில்லை. ஆகவே டயாபென்சியாவுக்குக் கல்வராயனில் இடமில்லை. தென்னாட்டில் எங்குமே இடமில்லை.

பனியூழியின் தடம் தென்னாட்டில் முற்றும் இல்லை என்று கொள்ளுதல் பொருந்தாது. நீலகிரியிலும் பழனிமலையிலும் செம்பூக்கள் சொரியும் காட்டுப்பூவரசு, இமயத்து ரோடோடெண்ட்ரானின் கிளைவகை. இடையிலுள்ள நெடுந்தொலைவில் அதற்கு உறவினர் இல்லை. அதுவும் டயாபென்சியாவும் தாவர வகைப்பாட்டில் ஒரே பெருவரிசையைச் சேர்ந்தவை.

உயிரணுக்களிலுள்ள மரபுப்பொருளை ஒப்பிட்டுச் செடிகளின் உறவை வரையறுக்கும் முறை 1990களில் வளர்ந்தது. 1998இல் வெளியான புதிய வகைப்பாடு அவ்வரிசையை மேலும் விரித்தது. அதன்படி டயாபென்சியாவோடு ஒரே வரிசையில் நிற்பவை: தேயிலை, கருங்காலி, இலுப்பை, மகிழம். பாறையை ஒட்டி நாலு விரல் உயரத்தில் கிடக்கும் துருவத்துத் திண்டும், கல்வராயன் அடிவாரத்து ஊர்களில் நிழல் பரப்பி நிற்கும் இலுப்பையும் ஒரே முன்னோரின் வழியினர். கபிலர் தம் நிரலில் வைத்த வகுளம், பனிநிலத்தின் தூரத்துத் தமக்கை.

திணைகளை ஐந்தாக வகுத்த தமிழ் மரபில் பனிவெளிக்குத் தனித்திணை இல்லை. முன்பனியும் பின்பனியும் பெரும்பொழுதுகளாக அமைந்தனவேயன்றி நிலமாக அமையவில்லை. கண்டறியாத நிலத்தை இலக்கணத்தில் வைக்காமை நம் முன்னோரின் நேர்மை. எனினும் அந்நிலத்தில் நடந்தவர் ஒருவர் தமிழ் மண்ணுக்கு வந்து வாழ்ந்ததும், இங்குள்ள ஒரு செடியின் பெயரில் நிலைத்ததும் வரலாறு.

ஐசுலாந்திலிருந்து தரங்கம்பாடிக்கு

ஜோஹான் ஜெரார்ட் கோனிக் 1728இல் பால்டிக் கரையிலுள்ள லிவோனியாவில் பிறந்தவர், லின்னேயசின் மாணாக்கர். டென்மார்க் அரசின் தாவர நூலுக்காக 1764, 1765ஆம் ஆண்டுகளில் ஐசுலாந்தில் செடிகளைச் சேகரித்தார். டயாபென்சியா வளரும் தீவு அது. அங்கு அவர் கண்டெடுத்தவற்றுள் ஒன்று, சில சென்டிமீட்டர் உயரமே வளர்ந்து ஒரே கோடையில் வாழ்வு முடிக்கும் ஒரு சிறுபூண்டு. 1767இல் லின்னேயஸ் அதற்குத் தம் மாணாக்கர் பெயரையே சூட்டி, கோனிகியா ஐசுலாண்டிகா என்றார். அப்பூண்டு இமயத்திலும், தென்னமெரிக்காவின் தென்முனையிலும் பின்னர்க் காணப்பட்டது.

1768இல் கோனிக் தரங்கம்பாடியில் மறைத்தூதர் அமைப்பின் மருத்துவராக வந்து இறங்கினார். மூன்றாண்டுகளுக்கு முன் பனிக்காற்றில் செடி பறித்த கைகள், இப்போது சோழநாட்டு வெயிலில் செடி பறித்தன. பின்னர் ஆர்க்காட்டு நவாபின் பணியிலும், 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியிலும் இருந்தார். தஞ்சைப் பகுதியின் கறையான்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1779இல் வெளிவந்தது. அவ்வுயிரினத்தைப் பற்றிய தொடக்க கால அறிவியல் எழுத்துகளுள் அது ஒன்று. 1785இல் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் அவர் மறைந்தார். இறுதி நாட்களில் அருகிருந்து மருத்துவம் பார்த்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். இந்தியத் தாவரவியலின் தந்தை என்று பிற்காலத்தார் போற்றும் அவர், கோனிக்கின் வழியில் வளர்ந்தவர்.

கோனிக்கைச் சிறப்பித்து லின்னேயஸ் 1771இல் மற்றொரு செடிக்கும் பெயரிட்டார். பெர்கரா கோனிகியை என்பது அப்பெயர். 1825இல் அது முறையா கோனிகியை என்று மாற்றப்பட்டது. தமிழ்நாட்டில் எவரும் அப்பெயரால் அதனை அறியார். ஆயினும் அச்செடி இல்லாத கொல்லை அரிது. அதன் இலை மிதக்காத குழம்பும் அரிது. கறிவேப்பிலையே அது. கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடுகளிலும் அது தானே முளைத்து வளரும். ஒரு மனிதரின் பெயரைத் துருவத்துப் பூண்டும் தமிழ் அடுக்களையின் இலையும் பங்கிட்டுக்கொண்டன.

கோனிக்கைத் தொடர்ந்து தரங்கம்பாடியில் தாவரம் திரட்டியவர்களுள் தலையாயவர் ஜோஹான் பீட்டர் ராட்லர். 1776இல் வந்த அவர் ஏறத்தாழ அறுபதாண்டுகள் தமிழகத்தில் வாழ்ந்து 1836இல் சென்னை வேப்பேரியில் மறைந்தார். அவர் உலர்த்தி வைத்த செடிகள் இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்தன. 1834இல் அச்சேறத் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் நிறைவெய்திய தமிழ்–ஆங்கில அகராதி அவர் உழைப்பே. செடியைத் தாளில் ஒட்டிப் பெயர் எழுதுவதும், சொல்லை ஏட்டில் நிறுத்திப் பொருள் எழுதுவதும் அவருக்கு ஒரே தொழிலின் இரு பக்கங்களாக இருந்தன போலும்.

மலையில் உள்ள பெயர்கள்

கடற்கரையில் தொடங்கிய இவ்வாய்வு மலைகளை முழுமையாக எட்ட நெடுங்காலமாயிற்று. சென்னை மாநிலத்துத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிளின் நூல் 1915இல் தொடங்கி, அவர் மறைந்த பின் ஃபிஷரால் 1936இல் நிறைவுற்றது. கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன் போன்ற உட்குன்றுகளைத் திட்டமிட்டு ஆராயும் பெரும்பணி, திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967இல் அமைந்த ராபினாட் உலர்தாவரகத்திலிருந்து எழுந்தது. அதனை நடத்தியவர் கே. எம். மாத்தியு அடிகளார். தமிழகத்தின் கீழ்ப்புறச் சமவெளியையும் அதனிடையே எழும் குன்றுகளையும் உள்ளடக்கிய அவருடைய தாவர நூல் 1981 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. 2004இல் அவர் மறைந்தார்.

மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்த கல்வராயன் மலை, அரசின் நேரடி ஆளுகைக்கு முழுமையாக வந்ததும் 1976இல்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் தம் முன்னோர் என்று சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர், அதற்குப் பன்னெடுங்காலம் முன்பிருந்தே அம்மலையின் செடிகளோடு வாழ்ந்து வருகின்றனர். சாமையும் தினையும் விதைத்து, கடுக்காய் பொறுக்கி, தேனெடுத்து, நோய்க்குப் பச்சிலை பறித்து வாழ்ந்த வாழ்வில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. எந்தச் செடி எந்தப் பாறையிடுக்கில் வளரும், எப்போது பூக்கும், எதனைத் தொடலாகாது என்பனவெல்லாம் அப்பெயர்களோடு ஒட்டிய அறிவு. அவ்வறிவு பெரும்பாலும் வாய்வழிப்பட்டது. உலர்தாவரகத் தாளில் இலத்தீன் பெயர் நிலைத்துவிட்டது. மூதாட்டி ஒருத்தியின் நாவிலிருந்த பெயர் அவளோடு போய்விடக்கூடியது.

இழப்பின் இரு வகைகளை இங்கே ஒருங்கு வைத்து நோக்குதல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிடும்போது உலகின் சராசரி வெப்பம் ஒரு பாகைக்கு மேல் உயர்ந்துள்ளது. துருவத்தில் அவ்வுயர்வு இன்னும் மிகுதி. கீழிருந்த புதர்களும் புற்களும் மேலேறி, தாழ்ந்து கிடக்கும் திண்டுச்செடிகளின்மேல் நிழல் பரப்புகின்றன. குளிர் தேடும் செடி மேலும் உயரத்துக்குச் செல்லலாம். உச்சியை எட்டிய பின் செல்ல இடமில்லை. காற்றையும் பனியையும் வென்ற உயிர், அவை தணிவதைத் தாங்க இயலாமல் தவிக்கின்றது.

மலையின் சொற்களுக்கும் அதுவே நிலை. அவற்றைப் பேசுவோர் சமவெளிக்கு இறங்குகின்றனர். பிள்ளைகள் பாடநூலின் பெயர்களைக் கற்கின்றனர். நிலம் மாறும்போது சொல்லும் இடம் தேடி ஏறுகிறது. முதியோரின் நினைவே அதன் கடைசி முகடு.

இக்காலக் கவிதைகளில் ‘பெயர் தெரியாத பூ’ என்ற தொடர் அடிக்கடி வருகின்றது. அதில் ஓர் அழகு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பூவுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. கரியாலூர்ப் பாதையில் சுள்ளி சுமந்து வரும் ஒரு பெண்ணிடம் அப்பெயர் இருக்கலாம். தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரறிந்த புலவர் உயிர்நீத்த ஆற்றங்கரையிலிருந்து அந்தப் பாதை வெகுதொலைவில் இல்லை. குறிஞ்சிப்பாட்டின் பூக்களுள் சிலவற்றை இன்னவை என்று துணிய முடியாமல் உரையாசிரியர்களும் பிற்கால ஆய்வாளரும் இடர்ப்பட்டனர். பெயர் எஞ்சியிருந்தும் பூ தெரியாமற்போன நிலை அது. பூ எஞ்சியிருந்தும் பெயர் தெரியாமற்போகும் நிலை இனி வரலாம்.

லாப்லாந்தின் மெத்தைச் செடிக்கு ஒரு தமிழ்ப்பெயர் வேண்டுமாயின் பனிமெத்தை என்று வழங்கலாம். வேறு நல்ல பெயர் காண்போர் அதனைச் சூட்டலாம். கல்வராயன் மலைச் செடிகளுக்கோ புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. மலையேறிச் சென்று, கேட்டு, எழுதிவைத்தால் போதும்.